அய்யாவு அண்ணனின் வலது தோள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் பிசியோதெரப்பி மாணவர்களுக்கு உடற்கூறியல் நடத்துவது என் வேலை. இருபத்தேழு ஆண்டுகளாக நடத்துகிறேன். மனித உடம்பின் முக்கியமான தசைகள் எந்த எலும்பில் தொடங்கி எதில் முடிகின்றன, எந்த நரம்பு எதை இயக்குகிறது என்று மூச்சு விடாமல் சொல்வேன். சொல்லி முடித்ததும் நிஜமாகவே மூச்சு வாங்கும். தொண்ணூற்றொரு கிலோ எடை. வயிற்றின் முன்பக்கம் ஆறு கட்டங்களாகத் தெரிய வேண்டிய தசை எனக்கும் உண்டு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நான் அதை நம்பி வாழ்பவன்.

அய்யாவு அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என் எடையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் போய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. பேச்சை எங்கே தொடங்குவது என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. அவரிடம் நான் முதன்முதலில் பேசியதே அதற்குச் சாட்சி.

கிள்ளானில் லிஃப்ட் இல்லாத ஓர் அடுக்குமாடியில் நான்காம் மாடி எங்களுடையது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை சமையல் கேஸ் பாதியில் தீர்ந்துவிட்டது. என் மனைவி ஜெயமாலா கடைக்குப் போன் செய்தாள். கால்மணி நேரத்தில் கையில்லாத பனியனும் முட்டி வரை மடித்த பேண்டுமாக ஒருவர் வந்து நின்றார். வலது தோளில் கேஸ் தோங், அதாவது சிலிண்டர். அதைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கிவிட்டு, துண்டால் முகம் துடைக்கக் கையைத் தூக்கினார்.

நான் காப்பிக் கோப்பையோடு உறைந்துபோனேன். தோளைத் தொப்பி மாதிரி மூடியிருக்கும் டெல்டாய்ட் தசை முன், நடு, பின் என்று மூன்று பாகமாகப் பிரிந்து தெரிந்தது. விலா எலும்புகளின் மேல் செரேட்டஸ் தசை ஐந்து விரல்களை விரித்து வைத்தாற்போல் இருந்தது. பதினேழு ஆண்டுகளாக அந்தத் தசையைப் படத்தில் காட்டிப் பிழைத்தவன், அன்றுதான் அதை நேரில் பார்த்தேன். கல்லூரியில் எங்களிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் பொம்மை. அதன் இடது கெண்டைக்கால் எப்போதோ தொலைந்துவிட்டது. டெல்டாய்ட் செலோடேப்பில் ஒட்டியிருந்தது.

"அண்ணே, அந்த பனியனக் கழட்டுறீங்களா?" என்றேன்.

அவர் வாசற்கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எதுக்கு சார்?"

"பொண்ணுங்க பார்க்கணும்."

என் வகுப்பில் முப்பத்திரண்டு பேரில் இருபத்தெட்டுப் பேர் பெண்கள் என்பதால் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்கு முன்னால் இன்னும் நாலைந்து வாக்கியங்கள் வந்திருக்க வேண்டும். ஜெயமாலா கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள்.

"அண்ணே, பயந்துராதீங்க. காலேஜ் வாத்தியாரு. மத்தபடி நல்லவருதான், பேசத்தான் தெரியாது."

அய்யாவு அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முகத்தில் எத்தனை தசைகள் வேலை செய்கின்றன என்று எனக்குத் தெரியும். அன்று எண்ணத் தோன்றவில்லை.

அதன் பிறகு எட்டு ஆண்டுகள், பருவம் நடக்கும் புதன்கிழமைகளில் எல்லாம், நாங்கள் இருவரும் கிள்ளானிலிருந்து ஒரே கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். அன்று மட்டும் கேஸ் கடை முதலாளி அவருக்கு லீவு கொடுத்தார். வகுப்பில் அவர் வேலை எளிதானது. சட்டையைக் கழற்றி நிற்க வேண்டும். மாணவர்கள் வண்ணப் பேனாவால் அவர் தோல்மேல் தசைகளின் எல்லைகளை வரைவார்கள். நான் சொல்லும்போது அவர் கையைத் தூக்க வேண்டும், முதுகை வளைக்க வேண்டும், குதிகாலை உயர்த்த வேண்டும். வரைந்த கோட்டுக்குள் தசை புடைத்து எழுந்தால் வரைந்தவருக்கு மதிப்பெண். முதல் நாள் செரேட்டஸ் தசையை வரைய ஒரு மாணவி விலாவில் பேனா வைத்ததும் அவர் துள்ளிவிட்டார்.

"கூசுது லா, தங்கச்சி! நூறு தோங் தூக்கச் சொல்லு, தூக்குறேன். இது முடியாது!"

என் லத்தீன் பெயர்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. தானே பெயர் வைத்துக்கொண்டார். கேஸ் தோங் உட்காரும் டெல்டாய்ட், 'தோங் மேடை'. தொடையின் குறுக்கே நாடாபோல் ஓடும் சார்டோரியஸ் தசை சம்மணமிட உதவுவது என்று சொன்னேன். அது 'பந்தி' ஆயிற்று, கோயில் அன்னதானத்தில் உட்காருவதற்கு. கெண்டைக்கால் தசைக்குப் பெயர் 'நாலாம் மாடி'. அதை எங்கள் வீட்டை நினைத்துத்தான் வைத்தார். மேற்கையின் பைசெப்ஸ் தசையை அவர் மதிக்கவே இல்லை. "அது போட்டோ தசை சார். வேலைக்கு ஆகாது."

பின்தலையில் தொடங்கி, கழுத்தில் இறங்கி, இரு தோள்களுக்கும் பரவி, முதுகு நடுவில் கூர்மையாக முடியும் பட்டம் போன்ற தசை ஒன்று உண்டு. டிரபீசியஸ். தோள்பட்டையைத் தூக்கி நிறுத்துவது அதுதான். அதற்கு அவர் வைத்த பெயர் 'அம்மன் பலகை'. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு தேர்வில் மாணவி ஒருத்தி தன்னை மறந்து விடைத்தாளில் 'நாலாம் மாடி' என்றே எழுதிவிட்டாள். தொடக்கம், முடிவு, நரம்பு எல்லாம் சரியாக இருந்தது. நான் சுழியம் போட்டேன். அறிவியலின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அன்று எனக்கு நினைப்பு. அய்யாவு அண்ணன் கேள்விப்பட்டு ரயிலில் கிள்ளான் வரை என்னோடு பேசவில்லை.

அந்தப் பேனா மையால் உண்மையில் அவதிப்பட்டவர் அவர் மனைவி புஷ்பவல்லி அக்கா. புதன்கிழமை மாலைகளில் வீட்டுப் பின்கட்டில் அவரை முக்காலியில் உட்கார வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பழைய துணியால் தேய்ப்பார். ஒருமுறை நான் எதிரிலேயே மாட்டிக்கொண்டேன்.

"சார், நீங்க படிச்ச படிப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கிடைக்கலியா? என் வீட்டுக்காரரு முதுகுதான் கிடைச்சுச்சா?"

"அக்கா, இது ரொம்ப அருமையான முதுகு."

"அது எனக்குத் தெரியாதா? தேய்க்கிறது யாரு?"

அய்யாவு அண்ணன் முக்காலியில் குனிந்தபடி குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மன் பலகைக்கு வருகிறேன். எங்கள் வட்டாரத்து மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு அம்மனை ரதத்தில் இழுப்பதில்லை, தோளில் தூக்குவார்கள். இரண்டு நீளத் தண்டுகள், தண்டுக்கு ஆறு பேர். தண்டு உட்காருவது டிரபீசியஸின் மேல்தான். பலசாலிகளாகப் பார்த்து எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. தோள் உயரம்தான் கணக்கு. தூக்குபவர்களின் பொறுப்பாளர் பரமேஸ்வரன், கோயில் பின்வாசல் கதவின் உட்புறத்தில் ஒவ்வொருவர் தோளுக்கும் ஒரு பென்சில் கோடு போட்டுப் பெயர் எழுதி வைத்திருந்தார். திருவிழாவுக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவில் சாய்ந்து நிற்க வேண்டும். ஒருவன் தோள் ஒரு விரல் இறங்கியிருந்தால் தண்டு அவனைத் தொடாது. அவன் பாரம் பின்னால் நிற்பவன் தோளுக்குப் போய்விடும். அவன் சும்மா கூடவே நடந்து வருவான்.

வலது தண்டின் முன்முனை அய்யாவு அண்ணனுடையது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த இடத்தில் வேறு தோள் இருந்ததில்லை. அவருக்குப் பின்னால் குகன், கோழிக் கடைக்காரர். தூக்கும்போது அண்ணன் திரும்பாமலே கேட்பார்: "குகா, பாரம் கூடுதா?" பின்னாலிருந்து "இல்லண்ணே" என்று பதில் வர வேண்டும். வந்தால்தான் அடுத்த அடி வைப்பார். அந்தக் கேள்வியும் பதிலும் இல்லாமல் அம்மன் கோயிலைவிட்டு வெளியே வந்ததில்லை என்று குகன் சொல்வார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் கடைசியில் ஒரு புதன்கிழமை. முதுகுத் தசைகளுக்கான செய்முறைத் தேர்வு. வாணி என்ற மாணவி அண்ணனின் முதுகில் டிரபீசியஸை வரைந்தாள். அழித்தாள். மறுபடி வரைந்தாள். மறுபடி அழித்தாள்.

"என்ன பிரச்சனை?" என்றேன்.

"சார், ரைட் சைட் லைன் கீழ இறங்குது."

"தப்பா வரைஞ்சிருக்க."

"மூணு தடவ பார்த்துட்டேன் சார். ஷோல்டரே இறங்கியிருக்கு. எலும்பு வெளிய தள்ளுது. அப்புறம் கழுத்துகிட்ட இங்க ஒரு கட்டி மாதிரி..."

"அது காய்ப்பு. வருஷக்கணக்கா தோள்ல பாரம் தூக்குறவங்களுக்கு வர்றது." வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். விளக்கவும் செய்தேன். உராய்வு, தடிப்பு, உடலின் தகவமைப்பு என்று நன்றாகவே விளக்கினேன்.

சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்த அண்ணன், "அம்மன் குடுத்ததும்மா. இருபத்திரெண்டு வருஷ சர்வீசு" என்றார். வகுப்பே சிரித்தது. வாணி சிரிக்கவில்லை.

நான் பாடப்புத்தகத்தின் படத்தைப் பார்த்தேன். வாணி வரைந்த கோட்டைப் பார்த்தேன். இரண்டும் பொருந்தவில்லை. இரண்டு மதிப்பெண் குறைத்தேன். 'கவனக்குறைவு' என்று பக்கத்தில் எழுதினேன். கோட்டுக்கு அடியில் இருந்த மனிதனின் தோளைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மே மாதம் கோயிலில் அளந்தார்கள். அண்ணனின் வலது தோள் அவருடைய கோட்டிலிருந்து இரண்டு விரல் கீழே இருந்தது. பரமேஸ்வரன் இரண்டு முறை அளந்துவிட்டு, "அய்யாவு, திருவிழாவுக்கு நாள் இருக்கு. பார்ப்போம்" என்று மட்டும் சொன்னாராம். அன்று மாலையே அண்ணன் நான்கு மாடி ஏறி வந்தார். தோளில் தோங் இல்லாமல் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"சார், அந்தப் பலகைக்கு என்ன எக்சர்சைஸ்?"

"என்னண்ணே ஆச்சு?"

"தோள் இறங்கிருச்சு. இப்படியே போனா என் பாரத்த குகன் தூக்கணும். நான் சும்மா கைய வீசிக்கிட்டு வரணும். அது மட்டும் கூடாது சார். இந்த வருஷம் முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டு நிக்கிறேன். ஆனா தண்டுக்குக் கீழ நின்னுக்கிட்டு, தூக்குற மாதிரி நடிக்கக் கூடாது."

எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன். எட்டு ஆண்டுகளில் அவர் என் படிப்பைத் தேடி வந்த முதல் நாள் அது. ஆறு வாரத்துக்கு அட்டவணை போட்டேன். தோளைக் காதுவரை உயர்த்துவது, எடையோடு உயர்த்துவது, கைகளைப் பின்னுக்கு இழுப்பது. நிறம் நிறமாகக் கட்டம் போட்டு, கணினியில் அடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். அதை அவர் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார்.

அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆறு வாரம் கழித்து தோள் மூன்று விரல் இறங்கியிருந்தது.

ஜூன் கடைசிப் புதன். வகுப்பு முடிந்து மாணவர்கள் போன பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"ரெண்டு தோளையும் தூக்குங்கண்ணே."

இடது தோள் காதைத் தொட்டது. வலது தோள் அசைய முயன்று, அப்படியே நின்றது. அவர் முகம் சிவந்தது. நான் அவருக்குப் பின்னால் நின்று, புத்தகம் இல்லாமல், பேனா இல்லாமல், இரண்டு விரல்களை அவர் கழுத்தில் வைத்தேன். எட்டு ஆண்டுகளில் முதல்முறையாக.

டிரபீசியஸை இயக்கும் நரம்பு கழுத்தின் பக்கவாட்டில் தோலுக்குச் சற்றே கீழே ஓடுகிறது. அதை நான் ஆண்டுக்கு நான்கு வகுப்புகளுக்கு நடத்துகிறேன். அந்த இடத்தில் எது அழுத்தினாலும் தோள் இறங்கும் என்பது தேர்வில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. ஐந்து மதிப்பெண். பாரம் தூக்குபவர்களின் காய்ப்பு, தண்டு பதியும் இடத்தில் இருக்கும். அழுத்தினால் தோலோடு நகரும். அண்ணனின் கட்டி தண்டு பதியும் இடத்துக்கு ஒரு விரல் முன்னால் இருந்தது. கல் மாதிரி இருந்தது. நகரவில்லை.

"என்ன சார், என்ன தட்டுப்படுது?"

"அண்ணே, நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம்."

"எக்சர்சைஸ் பத்தலையா?"

அவர் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

பரிசோதனைகள் இரண்டு வாரம் நடந்தன. புற்றுநோய், கழுத்தின் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தது. ஏழு வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சை, பாரம் எதுவும் தூக்கக் கூடாது என்றார்கள். ஆறு வாரம் முன்பே வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். அவர் நல்ல மனிதர். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

மருத்துவமனை நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாணி பார்த்ததை, நான் பார்க்காததை, காய்ப்பு என்று வகுப்பெடுத்ததை, அட்டவணை போட்டு ஆறு வாரத்தை வீணடித்ததை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அந்தப் பொண்ணுக்கு மார்க்கத் திருப்பிக் குடுத்தீங்களா?"

"இல்லண்ணே."

"என்னா சார் நீங்க! மொதல்ல அதக் குடுங்க லா."

மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். மதிப்பெண்கள் ஏற்கெனவே ஷா ஆலாமில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டன, கணினியில் பூட்டியாகிவிட்டது என்றார்கள். நான் நிரப்பிய படிவத்தில் 'மாற்றத்துக்கான காரணம்' என்ற இடத்தில் 'ஆசிரியரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். அப்படியொரு காரணம் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாணியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள், "மார்க் போகட்டும் சார். அங்கிளுக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

திருவிழாவுக்கு நான்கு வாரம் இருந்தது. இடத்தை விட்டுக்கொடுப்பதாகச் சொல்ல அண்ணன் கோயிலுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். பரமேஸ்வரன் கதவின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உன் உயரத்துக்கு ஆள் இல்லியே அய்யாவு. வாசுவ வச்சா ஒரு விரல் கூட வருது. லோகன வச்சா கொறையுது."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. பத்து ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு வாசலில் அவருடைய தோளை நான் அப்படித்தான் பார்த்தேன்.

"சாரக் கதவுல நிக்க வைங்க."

"அண்ணே, விளையாடாதீங்க," என்றேன்.

"செருப்பக் கழட்டுங்க சார்."

நின்றேன். பரமேஸ்வரன் என் தோளில் அடிமட்டத்தை வைத்தார். 'அய்யாவு' என்று எழுதியிருந்த கோட்டில் அது அப்படியே உட்கார்ந்தது. ஒரு மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. இருந்தவர்கள் எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள்.

"உயரம் சரிதான். ஆளு தாங்குமா?" என்றார் குகன்.

"சாருக்கு எல்லாத் தசையும் தெரியும்டா. எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டுச் சொல்வாரு."

"தெரியுறது வேற அண்ணே. இருக்கறது வேற."

அதைவிடச் சரியாக என்னை யாரும் மதிப்பிட்டதில்லை.

நான்கு வாரம் மாலைதோறும் தண்டில் மணல் மூட்டை கட்டிப் பயிற்சி. அண்ணன் சிகிச்சை முடிந்து நேராக அங்கே வருவார். கதிர்வீச்சுக்காக அவர் கழுத்திலும் நெஞ்சிலும் மையால் கோடுகள் போட்டிருந்தார்கள். "இங்கயும் வரையுறாங்க சார். உங்க பொண்ணுங்க இன்னும் நல்லாவே வரைவாங்க," என்றார். ஒருநாள் நான் அவர் வீட்டுக்குப் போனபோது புஷ்பவல்லி அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்கட்டில் நின்றிருந்தார். பழக்கத்தில் எடுத்துவிட்டார் போல.

"இந்த மைய மட்டும் அழிக்கக் கூடாதாம் சார்," என்றார். கிண்ணத்தை மறுபடி அலமாரியில் வைத்தார்.

திருவிழா நாள். பாதை இரண்டு கிலோமீட்டர், நான்கு இடத்தில் இறக்கி வைப்பார்கள். முதல் நூறு அடிக்கு டிரபீசியஸ் மட்டும் வலித்தது. பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் ராம்பாய்ட். பிறகு முதுகெலும்பின் இருபுறமும் கயிறுகள்போல் ஓடும் தசைகள். ஒவ்வோர் அடியிலும் ஒற்றைக் காலில் நிற்கும் அந்தக் கணத்துக்காக இடுப்பின் பக்கத்தில் ஒரு தசை இருக்கிறது, குளூட்டியஸ் மீடியஸ். அதை நான் எப்போதும் அவசரமாக நடத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். அன்று அது என்னை விடவில்லை. பாலத்தின் ஏற்றத்தில் தொடையின் நான்கு தலைத் தசையும், கடைசியாக நாலாம் மாடியும் சேர்ந்துகொண்டன. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு எல்லாத் தசைகளும் உண்மையிலேயே இருப்பது அன்றுதான் உறுதியானது.

அண்ணன் வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி, தண்ணீர் போத்தலோடு என் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

"சார், வாயில என்னா முணுமுணுப்பு?"

"ஒண்ணுமில்ல."

"பேரச் சொல்லாதீங்க. மூச்ச விடுங்க. அம்மனுக்கு லத்தீன் வேணாம்."

தண்டுக்குக் கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் தண்டு அதிர்ந்தது. பரமேஸ்வரன் முன்னாலிருந்து முறைத்தார்.

மூன்றாவது இடத்தில் இறக்கித் தூக்கியபோது இனி முடியாது என்று தெரிந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்தேன். தோளைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். ஒரு விரல் அளவு. பாரம் பின்னால் போய்விடும், யாருக்கும் தெரியாது. எந்தத் தசையைத் தளர்த்த வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு உதவிக்கு வந்த ஒரே படிப்பு அது.

பக்கத்தில் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பிக் கேட்டார்.

"குகா, பாரம் கூடுதா?"

நான் தோளைத் தூக்கினேன். எதைக் கொண்டு தூக்கினேன் என்று இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை.

"இல்லண்ணே," என்றார் குகன். "அப்படியேதான் இருக்கு."

அண்ணன் முன்னால் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு கோயில் வரை என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லை என்பதுபோல் நடந்தார். துண்டால் இரண்டு முறை முகத்தைத் துடைத்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் நான் கட்டிலிலிருந்து எழவில்லை. ஜெயமாலா ஒவ்வொரு இடமாகத் தைலம் தேய்த்து, "இது என்ன தசை? இது?" என்று கேட்டாள். வேண்டுமென்றேதான் கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன், முனகலோடு.

சிகிச்சை நோயைச் சில மாதம் நிறுத்திவைத்தது. டிசம்பரில் வலிக்காக மறுபடி கதிர்வீச்சு கொடுத்தார்கள், மறுபடி கோடுகள் போட்டார்கள். அடுத்த ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், அய்யாவு அண்ணன் இறந்தார். புஷ்பவல்லி அக்கா, சொந்தக்காரர்கள் உடலைக் குளிப்பாட்ட எண்ணெய் எடுப்பதற்கு முன், அலமாரியிலிருந்து அந்தக் கிண்ணத்தைத் தானே எடுத்து வந்தார். கழுத்தில் மங்கிப்போயிருந்த கோடுகளைத் தேய்த்தார். கொஞ்சமும் அவசரப்படவில்லை. "இப்ப அழிக்கலாம்ல சார்?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

வீட்டிலிருந்து வண்டி நிற்கும் இடம் வரை பெட்டியைத் தோளில் கொண்டுபோவது என்று பரமேஸ்வரன் முடிவு செய்தார். கோயில் கதவின் கோடுகள்படியே ஆட்களை நிறுத்தினார். வலது முன்முனை எனக்கு. பின்னால் குகன். தூக்கினோம். சந்தின் பாதியில் எனக்கு என்னவோ குறைவதுபோல் இருந்தது. பக்கத்தில் யாரும் நடந்து வரவில்லை. கேட்க வேண்டியவர் மேலே இருந்தார். சிறிது தூரம் போனதும் நானே, திரும்பாமல், மெதுவாகக் கேட்டேன்.

"குகா, பாரம் கூடுதா?"

நாலைந்து அடி நடந்தோம். பிறகு, "இல்ல சார்" என்று வந்தது.

வகுப்புக்கு வேறு ஆள் தேடினேன். சுங்கை வேயில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ஒருவர் வந்தார். அவரிடம் போட்டோ தசைகள் மட்டுமே இருந்தன. நான்கு வாரத்தில் நின்றுவிட்டார். இப்போது புதன்கிழமைகளில் நானே சட்டையைக் கழற்றுகிறேன். மாணவர்கள் பேனாவோடு என்னைச் சுற்றி நின்று தேடுவார்கள். "சார், டெல்டாய்ட் இங்கதான் இருக்கணும்," என்பார்கள், ஆறுதல் சொல்லும் குரலில். மாலையில் ஜெயமாலா தேங்காய் எண்ணெயை எடுத்து வைக்கிறாள். அதை எப்படித் தேய்க்க வேண்டும் என்று புஷ்பவல்லி அக்காவிடம் போனில் கேட்டுக்கொண்டாளாம்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கோயில் பிரகாரத்தில் அம்மனைத் தூக்குகிறேன். போன வாரம் ஒரு முதலாண்டு மாணவி என் முதுகில் டிரபீசியஸை வரைந்துகொண்டிருந்தாள். கழுத்தருகே பேனா நின்றது. இரண்டு விரல்கள் வந்து அழுத்தின.

"சார், இங்க ஏதோ தடிப்பா இருக்கு."

"அது காய்ப்பு. தண்டு பதியுற இடம். போன மாசம்தான் டாக்டர்கிட்ட காட்டினேன்."

"நகருதான்னு பார்த்துக்கறேன் சார்," என்று சொல்லிவிட்டு, நான் சொன்னதை நம்பாமல், மறுபடி அழுத்தினாள். வலித்தது. பொறுத்துக்கொண்டேன்.

அவள் வரைந்த கோடு இரண்டு இடத்தில் தவறாக இருந்தது. முழு மதிப்பெண்ணுக்கு மேலே இரண்டு சேர்த்துப் போட்டேன். அலுவலகத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். படிவம் திரும்பி வரட்டும்.